போரைக் காணாத குண்டு

இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்த எதிருரையில் இரண்டு வாதங்கள் இருந்தன. முதலாவது: பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது உள்ளே பொந்து எதுவும் இல்லாத கெட்டி இரும்பு, அது வெடிக்காது; வெடித்தது முதலாளி விதியை மீறி வைத்திருந்த கேஸ் சிலிண்டர். இரண்டாவது: வெடித்தது பீரங்கிக் குண்டுதான் என்று நிரூபணமானால், அது போர்த் தளவாடம்; போரினால் நேரடியாகவோ மறைமுகமாகவோ நேரும் விபத்துக்குப் பாலிசியில் பொறுப்பு இல்லை.

ஒரு வாதம் விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்று மாற்று வாதம் வைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். நானும் எத்தனையோ வழக்குகளில் வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே இரண்டும் சேர்ந்து ஒரு பொறியாக அமைந்திருந்தன. முதல் வாதத்தை உடைக்க வேண்டுமானால், அது குண்டுதான், உள்ளே மருந்து இருந்ததுதான் என்று நான் அழுத்தமாக நிரூபிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தமாக நிரூபிக்கிறேனோ அவ்வளவுக்கு இரண்டாம் வாதம் பலப்படும். அதனால், அந்த இரும்பு என்ன என்பதோடு நிற்காமல், அது என்னவாக இருந்ததில்லை என்பதையும் காட்டியாக வேண்டியிருந்தது.

விபத்து நடந்தது மும்பை தாருகானாவில், 2022இல். உடைத்த கப்பல்களின் இரும்பும் துறைமுக வேலைகளில் கிடைக்கும் இரும்பும் வந்து சேரும் இடம் அது. துறைமுகச் சேற்றைத் தூர்வாரியபோது கிடைத்த உலோகங்களை மொத்தமாக ஏலம் எடுத்த சிறு கிடங்கு ஒன்றில், நங்கூரச் சங்கிலியோடும் துருப்பிடித்த தகடுகளோடும் ஒரு கூம்புத் தலை உருளையும் வந்திறங்கியது. அதைச் சுற்றி இரண்டு வரிசையாகக் கன்மெட்டல் குமிழ்கள். கன்மெட்டலுக்கு வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு விலை. குமிழ்களை உளி வைத்து நெம்பி எடுக்கும் வேலை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியிருந்த ஓர் இளைஞருக்குக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான குமிழ்களை எடுத்துவிட்டார். பிறகு அடிப்பக்கத்து மூடித் திருகைச் சூடாக்கிக் கழற்றச் சொன்னார்கள். இறந்தபோது வயது 30. மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, ஊரில் தாயார்.

அவருடைய மனைவியும் கொழுந்தனும் என்னிடம் வந்தபோது கையில் இருந்தது விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பஞ்சநாமாவின் மங்கலான நகல் ஒன்றுதான். கொழுந்தன் சொன்னார்: "ஐயா, சிலிண்டர் வெடிச்சதுன்னு சொல்றாங்க. நான் போனப்ப ரெண்டு சிலிண்டரும் செவுத்தோரம் அப்படியே நின்னுச்சி. கண்ணால பாத்தேன்." அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. புறப்படும்போது மட்டும், "பித்தளைக் குமிழை எல்லாம் டால்டா டப்பாவுல போட்டு வச்சிருந்தாவ ஐயா. சாயங்காலம் எடை போட்டுத் தனியாக் காசு தாரேன்னு சொல்லியிருந்தாகளாம். அந்த டப்பா என்னாச்சின்னு தெரியல" என்றார். அந்தக் காசைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வழக்கின் உயிர்நாடியே அந்த டப்பாவில் இருந்தது என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்குக் குறைவான கிடங்கு என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், வேலையின்போது வேலையின் காரணமாக மரணம் நேர்ந்தால் முதலாளி இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும். தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார், பாதுகாப்பு விதியை மீறினார் என்ற வாதங்களுக்கு மரண வழக்கில் இடமில்லை. மாதச் சம்பளமாக அப்போது சட்டம் ஏற்ற உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதியை, 30 வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். விபத்து நாளிலிருந்தே பொறுப்பு தொடங்குகிறது என்பது பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; வட்டி 12 சதவீதம்.

ஆக முதலாளியின் பொறுப்பில் சந்தேகமே இல்லை. ஆனால் குத்தகை இடத்தில் தராசும் கிரேனும் வைத்திருந்த அந்த முதலாளியிடமிருந்து 15 லட்சத்தை வசூலிக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பணம் வருமானால் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். மோட்டார் வாகனத்துக்குப் போல இந்தக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை என்பதால், பாலிசியில் எழுதியிருக்கும் வாசகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த வாசகத்தில்தான் போர் என்ற சொல் இருந்தது.

கடற்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தளவாடங்களைப் பற்றிப் படிப்பதிலேயே ஓய்வுக்காலத்தைக் கழிப்பவர். வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையரிடம் அனுமதி வாங்கி, காவல் நிலையத்தில் வழக்குப் பொருள்களை வைக்கும் முத்தேமால் அறையில் சீல் வைத்திருந்த பொருள்களை இருவரும் பார்த்தோம். இரண்டு சாக்குகளில் இரும்புத் துண்டுகள். இன்னொரு பொட்டலத்தில், நெளிந்துபோன டால்டா டப்பாவும் அதற்குள் 11 குமிழ்களும்.

அவர் முதலில் எடுத்தது டப்பாவை இல்லை, உள்ளங்கையைவிடப் பெரிய ஓர் உடல் துண்டை. அதில் இரண்டு குமிழ்கள் இன்னும் பொருந்தியிருந்தன. நூலைப் பிடித்து ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு அளந்தார். 11.3 சென்டிமீட்டர். பிறகு வளைவை அட்டையில் வரைந்து விட்டம் கணக்கிட்டார். பத்து அங்குலத்துக்குச் சற்றே குறைவு. சுற்றளவை 11.3ஆல் வகுத்தால் ஏழு வருகிறது. "வரிசைக்கு ஏழு குமிழ். பத்து அங்குலம், 18 டன் பீரங்கி. வேறு எதற்கும் இது பொருந்தாது" என்றார்.

அதற்கான காரணத்தை அவர் விளக்கியதிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்தது. வாய்வழியே மருந்து கெட்டித்து, அதன் மேல் குண்டை இறக்கிச் சுடும் பீரங்கி மிகப் பழையது. குண்டு நேராகப் போக வேண்டுமானால் அது சுழல வேண்டும். அதற்குக் குழலின் உட்சுவரில் முறுக்கிய காடிகள் வெட்ட வேண்டும். பின்பக்கம் திறந்து குண்டு போடும் காடிப் பீரங்கியை ஆம்ஸ்ட்ராங் செய்து கொடுத்து, பிரிட்டன் அதை 1850களின் கடைசியில் ஏற்றுக்கொண்டது. 1863 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமா மீது அவர்களுடைய கப்பல்கள் சுட்டபோது, 21 ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள் 365 முறை சுட்டதில் 28 கோளாறுகள் நேர்ந்தன. கடற்படைக்கு அந்தப் பின்மூடி மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் பின்வழிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிரிட்டன் மட்டும் வாய்வழிக்குத் திரும்பி, ஏறக்குறைய இருபது வருடம் அதிலேயே நின்றது. உள்ளே எண்ணெயில் பதப்படுத்திய எஃகுக் குழல், மேலே சூடாக்கிச் சுருங்கவிட்ட தேனிரும்புச் சுருள்கள். வூல்விச் முறை என்று அதற்குப் பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.எம்.எல்.

வாய்வழியே இறக்க வேண்டிய குண்டு காடிகளுக்குள் சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். சுடும்போது அதே காடிகளைப் பற்றிக்கொண்டு சுழல வேண்டும். அதற்காகத்தான் குமிழ்கள். மிருதுவான கன்மெட்டலைக் குண்டின் உடலில் வெட்டிய குழிகளுக்குள் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். காடி ஒன்றுக்கு முன்னே ஒரு குமிழ், பின்னே ஒரு குமிழ். ஏழு அங்குலப் பீரங்கிக்கு மூன்று காடி, எட்டுக்கு நான்கு, ஒன்பதுக்கு ஆறு, பத்துக்கு ஏழு. எனவே குமிழை எண்ணினால் பீரங்கி தெரிந்துவிடும். பத்து அங்குலக் குண்டு ஏறத்தாழ 400 பவுண்டு, அதாவது 181 கிலோ. 70 பவுண்டு மருந்து அதை விநாடிக்கு 400 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தள்ளியது.

கம்பெனியின் சர்வேயரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்த எண்ணிக்கைதான் எனக்கு முதல் கைப்பிடி.

"குமிழ்களை எண்ணினீர்களா?"

"அவசியம் ஏற்படவில்லை."

"இது கெட்டிக் குண்டு என்று எதை வைத்து எழுதினீர்கள்?"

"தலையில் திரி பொருத்தும் துளை இல்லை. திரி இல்லாத குண்டில் மருந்து இருக்காது."

பார்வைக்கு நியாயமான பதில்தான். சாதாரண மருந்துக் குண்டின் மூக்கில் திரி இருக்கும். ஆனால் இது பல்லிசர் வகை. வில்லியம் பல்லிசர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, கவசக் கப்பலைத் துளைப்பதற்காகக் கண்டுபிடித்தது. கூம்புத் தலையை இரும்பு அச்சிலும் உடலை மணல் அச்சிலும் வார்ப்பார்கள். இரும்பு அச்சில் பட்ட பக்கம் சட்டென்று குளிர்ந்து வெள்ளை வார்ப்பிரும்பாக, கண்ணாடிபோலக் கடினமாகிவிடும். கவசத்தைத் துளைத்து உள்ளே போகும் அதிர்ச்சியிலும் சூட்டிலுமே வயிற்றில் இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் திரியே தேவையில்லை. மருந்தைப் போடுவது அடிப்பக்கத்துத் துளை வழியாக. அதைத்தான் மூடித் திருகு அடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் நிபுணர் சாட்சிக் கூண்டில் இரண்டு துண்டுகளை ஆணையரிடம் கொடுத்தார். தலைப்பக்கத்துத் துண்டின் முறிவு வெள்ளையாக மின்னியது. உடல் துண்டின் முறிவு சாம்பல் நிறம். பிறகு உடல் துண்டைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் துருவும் சிப்பியும். உட்பக்கம் வழவழப்பான குழிவு, அதன் மேல் செம்பழுப்பில் ஒரு மெல்லிய பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து இரும்பில் உரசாமல் இருக்க உட்சுவரில் அரக்குப் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். கெட்டி இரும்புக்கு உட்சுவரே கிடையாது, அரக்குக்கு அங்கே வேலையும் இல்லை. கலினா தடயவியல் ஆய்வகத்தின் அறிக்கையில் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி மூன்றும் இருந்தன. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் பிரிட்டன் கருமருந்து செய்தது. வெடியுப்பு தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆனால் திருகு இறுக்கமாக இருந்து உள்ளே ஈரம் போகாதவரை கருமருந்துக்கு வயதாவதில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க்காலத்துக் கடற்படைக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர், 2008இல், வர்ஜீனியாவில் தன் வீட்டு வாசலிலேயே அது வெடித்து இறந்தார். அந்தக் குண்டுக்கு அப்போது ஏறக்குறைய 140 வயது.

சிலிண்டர் வாதம் அத்தோடு ஓய்ந்தது. பஞ்சநாமாவிலேயே இரண்டு சிலிண்டர்களும் உடையாமல் இருந்ததாக எழுதியிருந்ததை ஆணையரே படித்துக் காட்டினார்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாட்சியத்துக்குத் தயாராகும்போது நிபுணர் எனக்கு ஒரு பழைய விசாரணையைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார். விபத்து வழக்கு நடத்தும் எந்த வக்கீலும் அதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1879 ஜனவரி 2ஆம் தேதி, மர்மரா கடலில், தண்டரர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பயிற்சிக்காகச் சுட்டுக்கொண்டிருந்தது. முன்கோபுரத்தில் இரண்டு 38 டன் ஆர்.எம்.எல். பீரங்கிகள். அவற்றில் ஒன்று சுடும்போதே வெடித்துச் சிதறி 11 பேர் இறந்தார்கள், மேலும் 35 பேர் காயமடைந்தார்கள். அந்தக் கப்பலில் கெட்டிப்பது நீர்விசை இயந்திரத்தால்: பீரங்கியின் வாயைத் தாழ்த்தினால் தளத்துக்குக் கீழிருந்து இயந்திரக் கம்பு குண்டைத் தள்ளும். கோபுரத்துக்குள் நிற்பவர்களின் கண்ணுக்கு வாய் தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மின்சாரத்தால் சுட்டபோது ஒன்று சுடவில்லை. அடுத்ததன் முழக்கத்திலும் புகையிலும் அது யாருக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் மறுபடி மருந்து கெட்டித்தார்கள். சுடாததற்குள் இப்போது இரண்டு மருந்து, இரண்டு குண்டு.

மால்டாவில் கூடிய விசாரணைக் குழு, இரட்டைக் கெட்டிப்புதான் காரணம் என்றது. பலர் ஏற்கவில்லை. பல்லிசரே வேறு காரணம் சொன்னார். பீரங்கியின் வாய்க்குள் இருப்பதை அறியாமலா ஒரு குழுவே மறுபடி கெட்டிக்கும் என்று கேட்டார்கள். அப்போது அரசு செய்ததுதான் என்னை ஈர்த்தது. உயிர் தப்பிய ஜோடிப் பீரங்கியை வூல்விச்சுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கருதுகோளாகச் சுட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் சொன்ன காரணங்களுக்கெல்லாம் அது அசையவில்லை. கடைசியில் 1880இல், கப்பலில் நடந்ததாகக் குழு சொன்னபடியே இரண்டு மருந்தும் இரண்டு குண்டும் போட்டுச் சுட்டார்கள். தன் ஜோடி உடைந்த விதத்திலேயே அதுவும் உடைந்தது. பின்வழிப் பீரங்கியில் இப்படி நடக்கவே முடியாது; பழைய குண்டு உள்ளே இருந்தால் புதியது நுழையாது. பிரிட்டன் மறுபடி பின்வழிக்குத் திரும்பியதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். இறந்த மாலுமிகள் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடுவது எவ்வளவோ சுலபம். ஒரு முழுப் பீரங்கியைப் பலி கொடுத்து உண்மையைத் தேடிய அந்த நேர்மை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்களிடம் ஜோடிக் குண்டு எதுவும் இல்லை. டப்பா மட்டுமே இருந்தது.

எதிர்தரப்பின் மூத்த வழக்கறிஞர் இரண்டாம் வாதத்தை எழுப்பியபோது கையில் ஒரு பலமான தீர்ப்பு வைத்திருந்தார். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக வழக்கு. 1942இல் ஜெர்மானிய விமானம் போட்டு வெடிக்காமல் புதைந்த ஆயிரம் கிலோ குண்டு, 2021இல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கட்டுமான இடத்தில் அகப்பட்டது. நிபுணர்கள் பாதுகாப்பாக வெடிக்க வைத்தும் மாணவர் விடுதிகள் சேதமாயின. இழப்பு போரினால் ஏற்பட்டது, ஆகவே காப்பீட்டில் வராது என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லி, அதே வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இடையில் 79 வருடம் கடந்திருந்தும், குண்டைப் போட்ட செயலும் சேதத்துக்கு நெருங்கிய காரணம்தான் என்பது அவர்களின் முடிவு. "79 வருடம் பொருட்டில்லை என்றால் 140 வருடமும் பொருட்டில்லை" என்று அவர் வாதிட்டார். தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டும் மதிப்பு அதற்கு உண்டு. நான் அதை முழுக்கப் படித்தேன். அதன் உண்மைகளுக்கு அது சரியான தீர்ப்பு என்றே எனக்குப் பட்டது. அது தவறு என்று வாதிட நான் முயலவில்லை. அங்கே ஒரு எதிரி, ஒரு போரில், ஒரு நகரத்தின் மேல் அந்தக் குண்டைப் போட்டான். எங்கள் குண்டை யார், எந்தப் போரில், யார் மேல் சுட்டார்கள்? விதிவிலக்கைச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

அவர் அதற்கும் தயாராக வந்திருந்தார். 1882 ஜூலை 11ஆம் தேதி, அலெக்சாந்திரியாவின் கோட்டைகள் மேல் பிரிட்டிஷ் கவசக் கப்பல்கள் நாள் முழுவதும் சுட்டதைச் சொன்னார். இன்ஃப்ளெக்சிபிள் கப்பலின் 80 டன் பீரங்கிகள் உட்பட அங்கே முழங்கியவை இதே ஆர்.எம்.எல். வகைதான். இது போரில் பயன்பட்ட ஆயுதம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் டப்பாவைத் திறக்கக் கேட்டேன். பத்து அங்குலப் பீரங்கியின் காடிகள் பின்பக்கம் ஏறக்குறைய நேராகத் தொடங்கி, வாயை நெருங்க நெருங்க முறுக்கு கூடிக்கொண்டே போகும். சுடும்போது 181 கிலோ இரும்பைச் சுழற்றும் பாரம் முழுவதும் குமிழ்களின் ஒரு பக்கத்தில் விழும். கன்மெட்டல் மிருது, அந்தப் பக்கம் சாய்வாகச் சீவப்பட்டு, தட்டையாகி, சில சமயம் பாதி பிய்ந்தே போயிருக்கும். சுட்ட குண்டின் குமிழ் சுட்டதை மறைக்க முடியாது. நிபுணர் 11 குமிழ்களையும் வெள்ளைத் துணி மேல் பரப்பினார். ஒவ்வொன்றும் முழு வட்டம். முகப்பில் பச்சைக் களிம்பு ஒரே சீராகப் படர்ந்திருந்தது.

எதிர்தரப்பு வழக்கறிஞர் ஒன்றைக் கையில் எடுத்தார். "இதில் ஆழமான வெட்டு இருக்கிறதே?"

"அது உளி பட்ட தடம், ஐயா. உள்ளே உலோகம் மஞ்சளாகப் பளபளக்கிறது, பாருங்கள். புது வெட்டு. களிம்புக்கு மேலே விழுந்திருக்கிறது. சுட்ட தடம் என்றால் களிம்புக்கு அடியில் இருக்கும், எல்லாக் குமிழிலும் ஒரே பக்கத்தில் இருக்கும்."

"உளியால் வெட்டியதில் பழைய தடம் அழிந்துபோயிருக்கலாம் அல்லவா?"

"11இல் நான்கில்தான் முகப்பில் உளி பட்டிருக்கிறது. மீதி ஏழையும் அடியில் கொடுத்து நெம்பியிருக்கிறார். நல்ல கைவேலைக்காரர், முகப்பைத் தொடவே இல்லை. உடலோடு ஒட்டிய இரண்டையும் பாருங்கள். அவற்றில் உளியே படவில்லை, சுட்ட தடமும் இல்லை."

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் புரியாது. நிபுணர் "நல்ல கைவேலைக்காரர்" என்றதைக் கொழுந்தன் அவர் காதில் தமிழில் சொன்னதை நான் பார்த்தேன்.

சுடாத குண்டு எப்படிக் கடலுக்குள் போனது என்று ஆணையர் கேட்டார். அதற்கு உறுதியான பதில் எந்தத் தரப்பிடமும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சொன்னேன். அந்த அளவுப் பீரங்கி பம்பாயில் இருந்ததற்குப் பதிவுகள் உண்டு. பம்பாய்த் துறைமுகக் காவலுக்கென்றே மக்தலா, அபிசீனியா என்ற இரண்டு கோபுரக் கப்பல்களை இங்கிலாந்தில் கட்டி, 1870இல் நீரில் இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பத்து அங்குல ஆர்.எம்.எல். பீரங்கிகள். 1892 வாக்கில் அவற்றை இறக்கிவிட்டுப் பின்வழிப் பீரங்கிகளை ஏற்றினார்கள். பத்து வருடம் போல் கழித்து இரண்டு கப்பல்களையும் விற்றுவிட்டார்கள். ரஷ்யா படையெடுத்து வரும் என்ற அச்சம், குறிப்பாக 1885இல் ஆப்கன் எல்லையில் பஞ்ச்தே சண்டைக்குப் பிறகு, பிரிட்டிஷ் இந்தியாவின் துறைமுகங்களை ஆட்டிவைத்தது. அந்த எதிரிக் கப்பற்படை வரவே இல்லை. இந்தக் கப்பல்கள் பம்பாயை விட்டுப் போய் எந்தப் போரிலும் சண்டையிடவும் இல்லை. பயந்து செய்த ஏற்பாடு வேறு, நடந்த போர் வேறு. பாலிசி விலக்கியது போரைத்தான். போர் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அடுக்கி வைத்த பொருளை எல்லாம் விலக்கவில்லை.

"மறைமுகமாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, போருக்காகச் செய்யப்பட்டதே போதும் என்று கடைசியாக வாதிட்டார்கள். அதற்கு நான் தாருகானாவையே காட்டினேன். 1971 போரில் பங்கெடுத்த முதல் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை 2014 கடைசியிலிருந்து உடைத்தது அதே தாருகானாவில்தான். அந்தத் தகட்டை அறுக்கும்போது ஒரு தொழிலாளி தவறி விழுந்திருந்தால், போர்க்கப்பல் என்பதால் அது போர் விபத்தா? போர்க்கப்பல்களும் ராணுவக் கழிவும் வந்து குவியும் இடம் என்று தெரிந்தே, அங்குள்ள கிடங்குகளுக்குப் பாலிசி விற்று, வருடா வருடம் பிரீமியம் வாங்கிக்கொண்டு, இழப்பீடு என்று வரும்போது மட்டும் அந்த இரும்பின் பிறப்பைக் காரணம் காட்டுவது எந்த ஒப்பந்த நேர்மையிலும் சேராது. விதிவிலக்கு வாசகம் ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கத்தையே அழிக்குமானால் அதைச் சுருக்கிப் படிக்க வேண்டும் என்று ஸ்காண்டியா இன்சூரன்ஸ் - கோகிலாபென் சந்திரவதன் வழக்கில் 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆணையரின் தீர்ப்பு நீளமானது இல்லை. வெடித்தது பல்லிசர் வகை மருந்துக் குண்டு. அது ஒருபோதும் சுடப்படவில்லை என்பதைக் குமிழ்கள் காட்டுகின்றன. போர்ச் செயல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எக்ஸெட்டர் வழக்கு உண்மைகளால் வேறுபடுகிறது. 15,59,850 ரூபாயும், ஈமச்செலவும், விபத்து நாளிலிருந்து 12 சதவீத வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி செலுத்த வேண்டும். தாமதத்துக்காக முதலாளி மேல் தனியாக அபராதம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். நானும் அதைக் கேட்கவில்லை.

கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. இந்தச் சட்டத்தில் மேல்முறையீடு செய்ய முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். குண்டு சுடப்பட்டதா இல்லையா என்பது உண்மை பற்றிய கேள்வி, சாட்சியத்தின் மேல் தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி அனுமதி நிலையிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். பணம் ஆணையரிடம் கட்டப்பட்டது. மனைவிக்கும் குழந்தைக்கும் தாயாருக்கும் பங்கு பிரித்து, குழந்தையின் பங்கை வங்கியில் வைப்பாக்கினார்கள். தாயாரின் பங்கைக் குறைத்து மனைவிக்குக் கூட்டும்படி கேட்கலாமா என்று கொழுந்தனிடம் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் உடனே, "அத்தைக்கு உள்ளதை அத்தைக்கே குடுக்கச் சொல்லுங்க ஐயா" என்று முடித்துவிட்டார்.

முதலாளியிடமிருந்து வர வேண்டிய அபராதம் மட்டும் இன்னும் வரவில்லை. கிடங்கைக் காலி செய்துவிட்டார். நில வரி பாக்கியைப் போல வசூலிக்கும்படி கலெக்டருக்குச் சான்றிதழ் போயிருக்கிறது. அவர் வேறு பெயரில் தொழில் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, புது முகவரியோடு ஒரு மனு போட்டிருக்கிறேன். அது நிலுவையில் இருக்கிறது.